திருப்புத்திறன் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறையில் ஒரு சோதனை உண்டு. மீட்டர் அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு பக்கம் எடை தெரிந்த கல், மறுபக்கம் எடை தெரியாத பொருள். இரண்டையும் முன்னும் பின்னும் நகர்த்தி, கோல் கிடைமட்டமாக வந்ததும் நடுவிலிருந்து இரண்டும் இருக்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து எடையைத் தூரத்தால் பெருக்கி, அதை மறுபக்கத்துத் தூரத்தால் வகுத்தால் தெரியாத எடை கிடைத்துவிடும். வடலூர், நெய்வேலி, சிதம்பரம் வட்டாரத்துப் பிள்ளைகளும் மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளைப் போல இதைச் செய்து காட்டி, குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எடையைத் தூரத்தால் பெருக்கி வருவதுதான் திருப்புத்திறன். விதி ஒரே வரிதான்: சமநிலையில் உள்ள பொருளை ஒரு புள்ளியைச் சுற்றி வலஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை, இடஞ்சுழியாகத் திருப்பப் பார்ப்பவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம்.

விதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கோலை நூலில் தொங்கவிடாமல், அடியில் ஒரு முக்கோணக் கட்டையைக் கொடுத்து நிறுத்திப் பாருங்கள். தூரமும் எடையும் இம்மி பிசகாமல் இருந்தாலும் கோல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். நூலில் தொங்கும்போது ஆடி அடங்குகிற கோல், கட்டை மேல் வைத்தால் அடங்க மறுக்கிறது. இரண்டு இடத்திலும் சமன்பாடு ஒன்றே.

திருப்புத்திறன் விதி பாதிதான் சொல்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சமமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் உண்டு. சற்றே தட்டிவிட்டால் மீண்டும் பழைய இடத்துக்கு வருமா, கவிழ்ந்து போகுமா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியில் பதில் இல்லை. உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலை, நடுநிலைச் சமநிலை என்று அதைப் பிரித்துப் பேசும் பாடம் பதினோராம் வகுப்பு இயற்பியலுக்குத் தள்ளிப்போகிறது. அறிவியல் பிரிவு எடுக்காதவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. தராசு, மாட்டுவண்டி, தேர், மரம், ஆடுகிற உடம்பு, நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத எந்திரம் எல்லாம் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் முடிவாகிறது.

தூரத்துக்கு ஏன் இந்த மதிப்பு?

முதல் கேள்வியே அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. எடை இரு மடங்கானால் விளைவு இரு மடங்காகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தூரம் இரு மடங்கானாலும் ஏன் அதே விளைவு? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் சொன்ன விடை சமச்சீரை நம்பியது. சம எடைகள் சம தூரத்தில் இருந்தால் கோல் எந்தப் பக்கமும் சாயக் காரணம் இல்லை. ஓர் எடையை இரண்டாகப் பிரித்து, அது இருந்த இடத்திலிருந்து இரு புறமும் ஒரே அளவு தள்ளி வைத்தாலும் கோலுக்கு வேறுபாடு தெரியாது. இந்த இரண்டை மட்டும் ஒப்புக்கொண்டால், எடையைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கோல் நெடுகப் பரப்பி, பெருக்கல் விதியைக் கொண்டுவந்துவிடலாம். அழகான வாதம். ஆனால் 1883இல் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் அதன் மேல் கைவைத்தார். பிரித்துத் தள்ளி வைத்தாலும் வேறுபாடு தெரியாது என்று ஒப்புக்கொள்ளும்போதே தூரத்தோடு பெருக்கும் விதியையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவருடைய வாதம். என் கருத்தில் மாக் சொன்னது சரி. சமச்சீரை வைத்து எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கலாம். எவ்வளவு என்று கேட்க அனுபவம் வேண்டும்.

இன்னொரு வழி வேலையைக் கொண்டு கணக்கிடுவது. இதற்கு நம் ஏற்றத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. எகிப்தில் இன்றும் பேர் சொல்லும் ஷாதூப் என்ற நீரிறைக்கும் துலாவில் ஒரு முனையில் வாளி, மறுமுனையில் கல்லோ மண்கட்டியோ எதிர்ப்பாரமாக இருக்கும். தென்னாட்டு ஏற்றத்தில் அந்த எதிர்ப்பாரம் மனிதர். கிணற்றோரம் நட்ட ஏற்றக்காலின் மேல் துலா மரம் ஆடும். ஒரு முனையில் மூங்கில் கழியில் சால் தொங்கும். மறுபக்கத்தில் ஒருவரோ இருவரோ மரத்தின் மேலேயே நடப்பார்கள். அச்சை நோக்கி நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். அச்சைவிட்டு வெளியே நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். கீழே இருப்பவர் கழியைப் பிடித்துச் சாலைக் கவிழ்ப்பார். எத்தனை சால் ஆயிற்று என்ற எண்ணிக்கை ஏற்றப்பாட்டில் போகும்.

கணக்குக்காக, தண்ணீரோடு சால் 30 கிலோ, அது அச்சிலிருந்து 4 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் எடையை விட்டுவிடலாம். 60 கிலோ ஆள் 2 மீட்டரில் நின்றால் இரண்டும் சமம். அவர் ஒரு மீட்டர் கீழே இறங்கினால் சால் இரண்டு மீட்டர் ஏறும். 60 கிலோ ஒரு மீட்டர் இறங்கிய வேலையும், 30 கிலோ இரண்டு மீட்டர் ஏறிய வேலையும் ஒன்றே. தூரத்துக்கு மதிப்பு இங்கிருந்துதான் வருகிறது. நெடிய கை கூடுதல் வழி நகர்கிறது. வேலையில் மீதமும் இல்லை, கடனும் இல்லை. சென்னை மாகாணத்தில் நீரிறைப்பு முறைகளை ஆராய்ந்து 1912இல் நூலாக வெளியிட்ட ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின்களைப் பரப்பப் பாடுபட்டவர். ஆனாலும் ஏற்றத்தையும் மாடு இழுக்கும் கமலையையும் அளந்து பார்த்த பிறகே எஞ்சினைப் பற்றிப் பேசினார்.

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த இரண்டு மீட்டர் புள்ளியில் ஏற்றக்காரர் நிற்பதே இல்லை. அங்கே நின்றால் தண்ணீர் வராது. சமத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போவதுதான் அவருடைய வேலை.

தராசின் நடுவிலுள்ள ரகசியம்

நல்ல தராசு எது என்று கேட்டால், இரு கையும் சமமாக உள்ளது என்பார்கள். அது நியாயமான தராசுக்கு இலக்கணம். நல்ல தராசுக்கு இன்னொன்றும் வேண்டும்: தண்டின் எடை மையம், அது ஆடும் முனைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முனையிலேயே இருந்தால் தராசு எந்தச் சாய்விலும் அப்படியே நின்றுவிடும். மேலே இருந்தால் தொட்டதும் கவிழும். கீழே இருந்தால்தான் சாய்ந்தபின் திரும்பி வரும்.

எவ்வளவு கீழே என்பதில்தான் பொற்கொல்லரும் புளி மண்டிக்காரரும் பிரிகிறார்கள். அரை கிலோ தண்டு, எடை மையம் 5 மில்லிமீட்டர் கீழே, கை 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு கிராம் கூடுதலாக விழும்போது தண்டு ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாயும். எடை மையத்தை ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே ஒரு கிராமுக்கு இருபது பாகைக்கு மேல் சாயும். ஆனால் அப்படிப்பட்ட தராசு ஆடி அடங்க வெகுநேரம் பிடிக்கும். மின்விசிறிக் காற்றுக்கே அசையும். அதனால்தான் பொன் நிறுப்பவர் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். மண்டியில் அந்தப் பொறுமைக்கு நேரம் ஏது? ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்: நுட்பம் வேண்டுமா, நிலைப்பு வேண்டுமா என்பதைத் தராசு செய்தவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்.

கை சமமில்லாத தராசில் ஏமாற்றுவது பழைய வித்தை. ஒரு கை 20, மறுகை 21 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். நீண்ட கைப்பக்கம் சரக்கு வைத்தால் ஒரு கிலோ கேட்டவருக்கு 952 கிராம்தான் போகும். சந்தேகப்படுகிறவர் தட்டை மாற்றி நிறுக்கச் சொன்னால் 1050 கிராம் கிடைக்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சரியாக ஒரு கிலோ. இதில் ஒரு வேடிக்கை. நேர்மையைக் காட்டிக்கொள்ள ஒரு கிலோவை இந்தத் தட்டிலும் ஒரு கிலோவை அந்தத் தட்டிலும் நிறுத்துக் கொடுக்கும் வியாபாரி, இரண்டு கிலோவுக்கு இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகவே இழக்கிறார். கள்ளத் தராசு எப்போதும் கடைக்காரர் பக்கமே பேசும் என்பதில்லை. தராசுக்கு முத்திரையிடும் ஆய்வாளர் வந்து பார்ப்பவற்றில் இந்தக் கைகளும் உண்டு.

தூக்குக்கோலில் இரண்டு வகை. அச்சு அசையாமல் குண்டு நகரும் வகையில் கிலோக் குறிகள் சம இடைவெளியில் விழும். தூரம் எடைக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. குண்டு ஒரு முனையில் நிலையாக இருக்க, தூக்கிப் பிடிக்கும் கயிறு நகரும் வகையில் குறிகள் ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டே போகும். அந்தக் கோலைச் செய்தவர் குறிகளை ஒவ்வோர் எடையாக வைத்துப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும்; அளவுகோலால் பிரித்திருக்க முடியாது.

விதியையே பொய்யாக்குவது போலத் தோன்றும் ஒரு தராசும் உண்டு. மளிகைக் கடை மேசைத் தராசில் தட்டு மேலே இருக்கும். சரக்கைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் எடை மாறுவதில்லை. அச்சிலிருந்து தூரம் மாறுகிறதே, திருப்புத்திறன் எங்கே போயிற்று? 1669இல் கணிதவியலாளர் ரோபர்வால் இந்த அமைப்பை பிரெஞ்சு அறிவியல் அவையில் காட்டியபோது பலரைத் திகைக்க வைத்த கேள்வி இது. தட்டைத் தாங்கும் தண்டுகள் இணைகரமாகப் பூட்டப்பட்டுள்ளன. ஓரத்தில் வைத்த எடை தட்டைச் சாய்க்கப் பார்க்கிறது. இணைகரம் தட்டைச் சாயவிடாமல், நேர்க்குத்தாக மட்டும் ஏறி இறங்கவிடுகிறது. ஓரத்தில் வைத்ததால் வந்த அந்தக் கூடுதல் திருப்பம் மேல் கீழ்த் தண்டுகளில் எதிரெதிரான இரண்டு விசைகளாக, ஓர் இரட்டையாக அடங்கிவிடுகிறது. தட்டு எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் கணக்கு ஒரு வரியில் முடியும்.

பண்ருட்டிப் பலா மண்டியில் இப்போது மின்னணுத் தராசுதான். அதிலும் ரோபர்வால் இருக்கிறார். தட்டின் நடுவில் ஒரே உணரியை வைக்கும் மேசைத் தராசுகளில் அந்த உணரி, நடுவில் துளை குடைந்த ஓர் உலோகக் கட்டை. மேலும் கீழும் மெலிந்த நான்கு இடங்களில் மட்டும் வளையும் இணைகரம். பலாப்பழத்தை மூலையில் போட்டாலும் எண் மாறாததற்கு அதுவே காரணம்.

முன்பாரம், பின்பாரம்

வண்டியோட்டிக்குத் திருப்புத்திறன் கழுத்து வழியாகத் தெரியும். அவருடைய கழுத்தல்ல, மாட்டின் கழுத்து. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு கொண்டுபோன டயர் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டே சக்கரம், ஓர் அச்சு, முன்னால் நுகத்தடி. சரக்கின் எடை மையம் அச்சுக்கு மிகவும் முன்னே போனால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்னே போனால் பின்பாரம். நுகம் மேலே எழும்பிக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாகவே ஏற்றுவார்கள். எவ்வளவு கொஞ்சம் என்பதைத் தீர்மானிப்பது மேடு பள்ளம்.

ஒன்றரை டன் சரக்கு, அதன் எடை மையம் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் மேலே, நுகம் அச்சிலிருந்து 3 மீட்டர். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டி ஏரிக்கரை ஏறும்போது எடை மையம் சுமார் 8 சென்டிமீட்டர் பின்னால் போகிறது. நுகத்தின் மேல் அழுத்தம் 40 கிலோ குறைகிறது. சமதளத்தில் 40 கிலோ முன்பாரம் வைத்து ஏற்றியிருந்தால் ஏற்றத்தில் அது சுழியமாகிவிடும். அதற்கும் குறைவாக வைத்திருந்தால் நுகம் தூக்கிவிடும். இறக்கத்தில் கதை தலைகீழ். வைக்கோல் போன்ற உயரப் போருக்கு எடை மையம் இன்னும் மேலே. அதே சரிவில் தடுமாற்றம் இன்னும் அதிகம். இதையெல்லாம் எழுதிப் போட்டு யாரும் ஏற்றவில்லை. நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, முன்னால் இரண்டு கட்டு மாற்றிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் வீதிகளில் ஓடுகின்றன. தேரின் உயரத்தைப் பார்த்து, இது எப்படிக் கவிழாமல் போகிறது என்று கேட்பவர்கள் எங்கே எடை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சிற்பம் செதுக்கிய மரமெல்லாம் கீழே. மேலே உயர்ந்து தெரிவது மூங்கிலும் துணியும் தொம்பையும். சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் அகலம் என்று வைத்தால், எடை மையம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேர் பக்கவாட்டில் ஏறத்தாழ 34 பாகை சாய்ந்தால்தான் கவிழும். அதே தேருக்கு மேலேயும் கனமான மரம் வைத்து எடை மையத்தை 6 மீட்டருக்கு ஏற்றினால் 18 பாகையே எல்லை. மூங்கில் கட்டி அலங்கரிப்பது அழகுக்காக மட்டுமில்லை.

வடம் தேரின் அடிமட்டத்தில் கட்டப்படுகிறது. அச்சுக்குக் கிட்டே இழுத்தால் கவிழ்க்கும் கை குறைவு. நகர மறுக்கும் தேருக்குப் பின்னால் சக்கரத்தடியில் சன்னை போட்டு நெம்புவார்கள். நீண்ட மரத்தின் மறுமுனையில் பலர் ஏறி மிதிப்பார்கள். முட்டுக்கட்டை போடுபவர் செய்வதுதான் இருப்பதிலேயே நுட்பமான வேலை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால், வடம் முன்னால் இழுக்க, கட்டை அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்த, தேர் அந்தப் பக்கமாகத் திரும்புகிறது. வீதி முனையில் தேர் திரும்புவது இந்த இரட்டையால். அதே கட்டையை ஓடுகிற தேரின் முன் திடீரென்று போட்டால் சக்கரம் நிற்கும். மேலே உள்ள எடை நிற்காது. கட்டையைப் புள்ளியாகக் கொண்டு தேர் முன்னோக்கிச் சுழலப் பார்க்கும். 2022 ஜூலையில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் தேர் ஒன்று முன்னோக்கிக் கவிழ்ந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். நிற்கும் தேருக்குச் செய்த கணக்கு ஓடும் தேருக்குப் போதாது. வேகம் குறையும்போது எடை மையத்தில் இன்னொரு விசை வந்து சேர்கிறது. அதற்கும் ஒரு கை இருக்கிறது.

மரங்கள் விழுந்த இரவு

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்கு அடித்தது. மறுநாள் கடலூர் மாவட்டத்தின் முந்திரிக் காடுகளும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் கிடந்த கோலத்தை அந்த வட்டாரத்தார் இன்றும் ஆண்டு சொல்லிப் பேசுகிறார்கள். தலைமுறையாகக் காய்த்த மரங்கள் வேரோடு பெயர்ந்து, மண் தட்டு செங்குத்தாக நிற்கக் கிடந்தன.

அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 900 நியூட்டன். இலைகள் வளைந்து வழிவிடுவதையெல்லாம் கழித்து, 10 சதுர மீட்டர் அளவுக்குக் காற்று பிடிக்கிறது என்றால்கூட 9000 நியூட்டன். தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் அது அடித்தால் 36,000 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன். எதிரே இருப்பது வேர்ப்பிடியும், வேரோடு பிடித்த மண்ணின் எடையும். மழையில் ஊறிய செம்மணலில் வேர்ப்பிடி தளர்ந்துவிடுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, எதிர்ப்போ கூடுவதில்லை. மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றைப் பல ஆண்டு தாங்கிய மரம் 140இல் விழுந்ததில் வியப்பு இல்லை. படர்ந்த கவிகை முந்திரிக்கு விளைச்சல் தருவது. அன்றைக்கு அதுவே காற்றுக்குப் பிடிமானமும் ஆயிற்று. பனைக்கு நெம்பும் கை மிக நீளம், ஆனால் தலை சிறியது, உடம்பு வளையும்.

விழத் தொடங்கிய மரம் ஏன் பாதியில் நிற்பதில்லை என்பதும் இதே கணக்கு. மரம் சாயச் சாய அதன் எடை மையம் அடியைவிட்டு வெளியே போகிறது. காற்று ஓய்ந்தாலும் மரத்தின் சொந்த எடையே அதைத் திருப்பும்.

ஒற்றைக் காலில்

சிதம்பரத்தைப் பேசிவிட்டு நடராசரைப் பேசாமல் போக முடியாது. போனால் வாட்ஸ்அப் விடாது. நடராசரின் பெருவிரல் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளியில் இருக்கிறது என்று ஒரு செய்தி ஆண்டாண்டாகச் சுற்றுகிறது. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றிப் போகும் கோடு; அதற்கு மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது. கோடும் ஓரிடத்தில் நில்லாமல் ஆண்டுக்காண்டு நகர்கிறது. இப்படிக் கதை கட்டுவதால் உண்மையில் வியக்க வேண்டியது மறைந்துபோகிறது.

வலக்காலை முயலகன் மேல் மடித்து ஊன்றி, இடக்காலைத் தூக்கிய அந்த வடிவத்தில் எடை மையம் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே அமைகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வெண்கலப் படிமத்துக்கு அது கட்டாயம் இல்லை. பாதமும் முயலகனும் பீடமும் திருவாசியும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. கொஞ்சம் தள்ளியிருந்தாலும் படிமம் விழாது. 2023இல் தில்லி பாரத மண்டபத்தின் முன் நிறுத்திய, சுவாமிமலையில் வார்த்த 27 அடி, 18 டன் நடராசர் பீடத்தின் அகலத்தை நம்பித்தான் நிற்கிறார். என்றாலும் சிற்பி ஒடியோலை என்ற ஓலை நறுக்கில் அளவெடுத்து, தலை உச்சியிலிருந்து நடுநூல் விட்டுப் பார்க்கிறார். ஏன்? நூல் பிசகினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது விழப்போகும் உருவமாகத் தெரியும். நம் கண் அவ்வளவு பழக்கப்பட்டது.

ஆடுகிற உடம்புக்குப் பீடம் இல்லை, திருவாசியும் இல்லை. 1981 முதல் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலியில் மேடையேறி ஒற்றைக்காலில் நிற்கும் பெண்ணின் பாதம் நடுவில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலம். எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்தில். பக்கவாட்டில் இரண்டரை பாகை சாய்ந்தால் அது பாதத்தைத் தாண்டிவிடும். தராசைப் போல எடை மையம் கீழே தொங்கவில்லை, தேரைப் போல அகலமான அடியும் இல்லை. கணுக்காலின் தசைகள் ஒவ்வொரு நொடியும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறு சிறு திருப்பங்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் அவர் நிற்கிறார். அசையாமல் நிற்பதாகத் தோன்றும் உடம்பு உண்மையில் ஓயாமல் ஆடுகிறது. முழங்காலை மடித்தால் எடை மையம் இறங்கும். கைகளை விரித்தால் சுழற்சிக்குத் தடை கூடிச் சாய்வது சற்று மெதுவாகும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். நிலைப்புக்கு மூன்றாவது வழி இது: விழ விழத் திருத்திக்கொண்டே இருப்பது.

நெய்வேலி எந்திரம்

வடலூருக்குப் பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கங்கள். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் கடினமானது. எந்திரத்தின் பற்களை அரைத்துத் தின்றுவிடும். பல இடங்களில் முதலில் வெடிவைத்துத் தளர்த்துகிறார்கள். பிறகு வெட்ட வருவது ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர எந்திரம். 350, 700, 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவால்தான் எந்திரத்தையே குறிப்பிடுகிறார்கள்.

நீண்ட கை ஒன்றின் நுனியில், வாளிகள் பூட்டிய பெரிய சக்கரம் சுழன்று மண்ணைக் கடிக்கிறது. அந்தக் கையின் மறுபுறம், எதிர்ப்பாரம் ஏற்றிய இன்னொரு கை. இரண்டையும் சேர்த்த மேற்கட்டு முழுவதும் கீழேயுள்ள, உருளும் குண்டுகள் அடுக்கிய குண்டு வளையத்தின் மேல் இடமும் வலமும் திரும்புகிறது. எல்லாவற்றையும் அகலமான சங்கிலிப் பட்டைகள் தாங்குகின்றன. பள்ளிச் சோதனையின் மீட்டர் கோல்தான், பல நூறு டன்னில்.

இங்கே சமம் என்பது ஒரே எண்ணாக இருக்க முடியாது. வாளிகள் ஒரு நேரம் காலி, ஒரு நேரம் நிறைவு. கணக்குக்கு, 1400 லிட்டர் வாளிகளில் ஐந்து நிறைந்திருக்க, கனமீட்டருக்கு 1.6 டன் மண் என்றால் 11 டன். அது 40 மீட்டர் கையின் நுனியில் 440 டன் மீட்டர் திருப்பத்தைக் கூட்டுகிறது. எதிர்ப்பாரக் கை 20 மீட்டர் என்றால், இதை மட்டும் ஈடுகட்ட 22 டன் வேண்டும். வாளி காலியானதும் அந்த 22 டன் மிச்சம். ஈரக் களிமண் வாளியிலும் பட்டையிலும் அப்பிக்கொண்டால் முன்பாரம் கூடும். கையை உயர்த்தினால் அச்சிலிருந்து கிடைமட்டத் தூரம் குறையும். காற்று ஒரு பக்கம், மேற்கட்டைத் திருப்பி நிறுத்தும்போது வரும் உலுக்கல் ஒரு பக்கம். அதனால் வடிவமைப்பவர்கள் எடை மையத்தை ஒரு புள்ளியில் நிறுத்தப் பார்ப்பதில்லை. இத்தனை நிலைகளிலும் அது குண்டு வளையத்தின் வட்டத்துக்குள், ஓரத்திலிருந்து போதிய தூரம் உள்ளே உலவ வேண்டும் என்பதே நிபந்தனை. ஓரத்தைத் தாண்டினால் ஒரு பக்கத்துக் குண்டுகளின் மேல் பாரம் இல்லாமல் போய், மேற்கட்டு அந்தப் பக்கம் எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொள்ளக் கொக்கிகள் உண்டு. அவை கடைசிக் காவல்.

எதிர்பாராத இடத்தில் வரும் ஆபத்து ஒன்று. கையை அளவுக்கு மேல் இறக்கி, சக்கரம் மண்மேல் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை முன்பக்க எடையைத் தாங்கிக்கொள்கிறது. தூக்கு வடங்கள் தளர்கின்றன. முன்னால் பாரம் குறைந்ததும் எதிர்ப்பாரத்துக்கு எதிர் இல்லை; எடை மையம் பின்னால் ஓடுகிறது. முன்பக்கம் இடித்து நின்ற எந்திரம் பின்பக்கம் கவிழும் அபாயத்தில் இருக்கிறது. வடம் தளர்ந்ததை உணர்ந்து கையின் இறக்கத்தை நிறுத்தும் கருவிகள் அதற்காகத்தான். நடனக்காரியின் கணுக்கால் செய்யும் வேலையில் ஒரு பங்கை இங்கே உணரிகளும் இயக்குபவரும் சேர்ந்து செய்கிறார்கள்.

சுழலும் சக்கரத்தையும் மறந்துவிடக் கூடாது. மாறா வேகத்தில் சுழலும்போது அதுவும் சுழற்சிச் சமநிலையில்தான் இருக்கிறது: மோட்டாரின் திருப்பு விசையும், மண் எதிர்க்கும் திருப்பு விசையும் சமம். வெடித்தும் தளராத மணற்கல் துண்டு ஒன்று பல்லில் மாட்டினால் எதிர்ப்பு திடீரென்று ஏறும். சக்கரம் நிற்கப் பார்க்கும், மோட்டார் தொடர்ந்து சுழலப் பார்க்கும்; அந்த அடி இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டிக்குப் போகும். அதனால் இடையில் வழுக்கிக் கொடுக்கும் இணைப்பு ஒன்றை வைக்கிறார்கள்.

எந்திரத்தின் உண்மையான எடை மையம் எங்கே என்பதை வரைபடம் முடிவாகச் சொல்லிவிடாது. வெல்டிங், பெயின்ட், பின்னால் பொருத்திய நடைமேடை, மாற்றிய பட்டை, கூட்டிய கேபிள் எல்லாம் வரைபடத்துக்கு வெளியே சேர்ந்த எடை. ஆகவே புதிதாகக் கட்டிய பிறகும் பெரிய மாற்றம் செய்த பிறகும் எந்திரத்தையே நிறுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். மேற்கட்டின் அடியில் சில புள்ளிகளில் நீரியல் ஜாக்கிகளை வைத்து, குண்டு வளையத்தைவிட்டு மயிரிழை எழும்பும் வரை தூக்குகிறார்கள். ஒவ்வொரு ஜாக்கியும் தாங்கும் எடையை உணரி காட்டும். கூட்டினால் மொத்த எடை. ஒவ்வொன்றையும் அதன் தூரத்தோடு பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் எடை மையம். கையை ஏற்றியும் இறக்கியும் மறுபடி அளக்கிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளிகளில் ஒன்று வட்டத்தின் ஓரத்துக்கு நெருங்கியிருந்தால் எதிர்ப்பாரப் பெட்டியைத் திறந்து இரும்புத் தகடுகளைக் கூட்டுவார்கள், அல்லது எடுப்பார்கள். பிறகு ஜாக்கியை மறுபடி ஏற்றி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்திரத்தை வெட்டுமுகத்துக்கு அனுப்புவார்கள்.